வாசகர் கேள்வி–பதில்: விழுந்து எழுந்த காலம்

கோடை விடுமுறைக்கு வந்த பேரப் பிள்ளைகள் ஊர் திரும்பிய சூட்டோடு எழுதப்பட்ட கடிதங்கள் இம்முறை கட்டுக்கட்டாக வந்திருக்கின்றன. தாத்தாக்கள் ஒரு பக்கமும் தாய்மார்கள் மறுபக்கமுமாக நின்று, பிள்ளைகளை அன்றுபோல வெளியே விடுவதா, பொத்தி வளர்ப்பதா என்ற ஒரே வழக்கைத்தான் நடத்துகிறார்கள் என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கிவிட்டேன். குடும்பத்துக்குள் நடக்கும் வாக்குவாதம் வெளியே போக வேண்டாம் என்பதற்காகப் பெயர்களை நானே நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பிள்ளைகள். செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போனோம், மாமரத்திலிருந்து விழுந்தோம், குளத்துத் தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. விடுமுறைக்கு வந்த ஒன்பது வயதுப் பேரனைத் தெருமுனைக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கிவரச் சொன்னதற்கு, "அந்தக் காலம் வேறு மாமா" என்று மருமகள் தடுத்துவிட்டாள். இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்தால் பிள்ளை உருப்படுமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், மன்னார்குடி)

பதில்: உங்கள் கடிதத்தில் குளத்துத் தண்ணீரும் தெருமுனைக் கடையும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்துவிடுவோம், ஐயா.

குளத்துத் தண்ணீர் விஷயத்தில் உங்கள் மருமகள் சொல்வதே சரி. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமலே இறந்தன. 2020-இல் அந்த எண்ணிக்கை 28, தமிழ்நாட்டில் 13. அன்று பிள்ளைகளைக் கொண்டுபோனது மாமரம் இல்லை. வயிற்றுப்போக்கும், தட்டம்மையும், கக்குவான் இருமலும், தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத கத்தியால் அறுத்ததில் வந்த இரணஜன்னியும் (டெட்டனஸ்)தான் கொண்டுபோயின. பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975-இல். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் குடித்தவர்களின் காலில் நூல்போல வெளிவந்த நரம்புச்சிலந்தி, நாட்டின் கடைசி நோயாளியை விட்டுப் போனது 1996-இல். இளம்பிள்ளை வாதத்தின் கடைசி நோயாளி 2011 ஜனவரியில் பதிவானார். உங்களோடு படித்தவர்களில் காலில் இரும்புச் சட்டம் மாட்டிக்கொண்டு வந்தவர் யாரேனும் நினைவுக்கு வருகிறாரா என்று யோசித்துப் பாருங்கள். "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றும் ஆகாதவர்கள்தான். ஆனவர்களின் கடிதம் எனக்கு வருவதே இல்லை.

நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று பயமுறுத்துவார்களே, அது கட்டுக்கதையும் இல்லை. ஆட்டு மூளைத் திசுவிலிருந்து எடுத்த மருந்தை, வயிற்றுத் தோலுக்கு அடியில், இடம் மாற்றி மாற்றி, தினம் ஒன்றாக 14 ஊசி வரை போட்டார்கள். ஆறேழு நாள் ஆன பிறகு அடுத்த ஊசிக்கு வீங்காத இடம் தேடுவதே செவிலியருக்குப் பெரும்பாடாக இருக்கும். அந்த மருந்தின் தயாரிப்பை இந்தியா 2004-இன் இறுதியில்தான் நிறுத்தியது. இன்று கையில் நான்கைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. இந்த வகைப் பாதுகாப்பைக் குறைசொல்ல நமக்கு வாயில்லை.

தீப்பெட்டி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஒன்பது வயதுப் பிள்ளை உங்கள் ஊர்த் தெருவில் முனைக்கடை வரை போய்வர முடியும், வரவும் வேண்டும். ஆனால் அவன் அந்தத் தெருவுக்கு விருந்தாளி. நீங்கள் அந்த வயதில் போன தெரு, பிறந்ததிலிருந்து உங்களைப் பார்த்த தெரு. முதல் இரண்டு முறை நீங்களும் கூட நடந்து, கடைக்காரரிடம் "இவன் என் பேரன்" என்று சொல்லி வைத்துவிட்டு, மூன்றாம் முறை தனியாக அனுப்புங்கள். மருமகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அனுப்புவது உங்கள் வயிற்றுக்கு நல்லது.

கேள்வி: பத்து வயதில் நான் டவுன் பஸ்ஸில் தனியாகப் பாட்டு வகுப்புக்குப் போனவள். இன்று அதே வயது மகளை அடுக்ககத்தின் வாசல் தாண்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. என் பெற்றோரைவிட நான் கோழையா? (இல்லத்தரசி, வேளச்சேரி)

பதில்: இல்லை, அம்மா. உங்கள் பெற்றோரின் தலைமுறையையும் அதற்கு முந்தைய தலைமுறையையும் ஏதோ வீரப் பரம்பரையாகச் சித்திரிக்கும் பேச்சு எனக்குச் சலித்துவிட்டது. கிணற்றில் நீர் இறைத்து, விறகடுப்பு ஊதி, ஐந்து பிள்ளைகளுக்கு ஆக்கிப்போட்ட ஒரு தாய், மூன்றாவது பிள்ளை எந்த மரத்தில் இருக்கிறான் என்று பார்க்கத் துணிச்சலால் தவறவில்லை, அவளுக்கு நேரமில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் குறைவாக இருந்தது, ஏனென்றால் அந்த வேலையைத் தெரு செய்தது. பெட்டிக்கடைக்காரர், திண்ணையில் வெற்றிலை இடிக்கும் பாட்டி, தையற்கடையில் மிதித்துக்கொண்டிருப்பவர், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவர் என்று நாள் முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரியும். ஒரு பையன் முக்கில் கிடந்த பீடித் துண்டை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தால், அவன் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்து, விளக்குமாறு தயாராக இருக்கும். நாம் சுதந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் நம்மைப் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று உங்கள் மகளைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒருவர். மிஞ்சினால் வாசலில் ஒரு காவலாளி.

அடுத்தது சாலை. 1971-இல் இந்தியா முழுவதிலும் பதிவாகியிருந்த மோட்டார் வாகனங்கள் ஏறத்தாழ 19 லட்சம். 2011-இல் அது 14 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தக் கணக்கை ஒருபுறம் வைத்துக்கொண்டு, நாம் சைக்கிள் பழகிய விதத்தை நினைத்துப் பாருங்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் கடையில் நோட்டுப் புத்தகத்தில் பெயரும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் ஓட்டும் முழுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவோம். இருக்கை எட்டாது. ஆகவே பாருக்கு அடியிலுள்ள முக்கோணச் சந்துக்குள் வலது காலை நுழைத்து அந்தப் பக்கப் பெடலில் வைத்து, வலது கையால் இருக்கையை அணைத்துப் பிடித்து, உடம்பு முழுவதையும் இடப்பக்கம் தொங்கவிட்டபடி முழுச் சுற்றுக்குப் பதில் அரைச் சுற்றாக மிதித்துப் போகும் குரங்குப் பெடல் அது. வண்டி நேராகப் போகாது, நினைத்த இடத்தில் நிற்காது, திரும்பும்போது தெருவின் முழு அகலமும் வேண்டியிருக்கும். எதிரே ஒரு மாட்டுவண்டியும் இரண்டு சைக்கிளும் வந்த தெருவில் அது விளையாட்டு. இன்றைய வேளச்சேரி பிரதான சாலையில் அதைச் செய்யும் பிள்ளையின் பெற்றோரைத் துணிச்சல்காரர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. தமிழ்நாட்டில் 2020 நிலவரப்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தை. அன்று தனியாகப் போனதாக நாம் சொல்லிக்கொள்ளும் பயணங்களில் பெரும்பாலானவற்றில் ஓர் அக்காவோ அடுத்த வீட்டு அண்ணனோ கூட இருந்திருப்பார்கள். கதை சொல்லும்போது அவர்கள் உதிர்ந்துபோகிறார்கள். உங்கள் மகளுக்கு இன்று இல்லாதது துணிச்சலான தாய் என்பதைவிட, கூட நடக்க நாலு பிள்ளைகள் என்பதே பொருந்தும். உங்கள் அடுக்ககத்திலேயே அந்த நாலு பேரும் இருப்பார்கள். நாலு தாய்மாரும் ஒரே நேரத்தில் சம்மதிப்பதுதான் கடினம்.

கேள்வி: "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று எங்கள் அப்பா வாத்தியாரிடம் ஒப்படைத்தார். அடி வாங்கித்தானே உருப்பட்டோம்? (வணிகர், விருதுநகர்)

பதில்: அடி வாங்கி உருப்பட்டவரும் உண்டு, அடி தாங்காமல் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டு ஓடிப்போய் மாடு மேய்த்தவரும் உண்டு, இரண்டாமவர் வாரப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் படித்திருக்க வழியில்லை. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு 2010 ஏப்ரலிலிருந்து பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடைசெய்கிறது. இதில் எனக்கு ஏக்கம் துளியும் இல்லை.

கேள்வி: இந்த ஏக்கக் கடிதங்களை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள் என்பதைக் கவனித்தீர்களா? மரமேறியதும் கிணற்றில் குதித்ததும் என் அண்ணன்மார்கள். வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் திண்ணையே எல்லை. என் பேத்தி இன்று கராத்தே வகுப்புக்குப் போகிறாள். நான் எந்தக் காலத்துக்காக ஏங்க வேண்டும்? (சத்துணவு அமைப்பாளர், திருமயம்)

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். காப்பு இல்லாத காலம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பையன்களுக்கு ஊர் முழுவதும் திறந்திருந்த அதே வயதில், பெண்பிள்ளைகளின் உலகம் பாண்டிக் கட்டமளவுக்குச் சுருங்கியது. ஒரே ஊரின் குளத்தில் எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. "ஊர்க் கிணற்றில் குதித்தோம்" என்று எழுதுகிறவர் எந்தத் தெருக்காரர் என்று கேட்டால் அந்த "ஊர்" எவ்வளவு பெரியது என்பது தெரிந்துவிடும்.

முதல் கேள்வியில் வந்த தீப்பெட்டியையே எடுத்துக்கொள்வோம். 1970களிலும் 80களிலும் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயின. மருந்தில் தோய்ப்பதற்காகக் குச்சிகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் அடுக்குவதும், பெட்டிக்கு லேபிள் ஒட்டுவதும் அவர்கள் வேலை. எத்தனை சட்டம், எத்தனை பெட்டி என்று எண்ணித்தான் கூலி. அதிலும் பெரும்பகுதி பெண்பிள்ளைகள். நாம் தீபாவளிக்கு ஓலைப்பட்டாசைக் கையிலேயே கொளுத்தி வீசிய வீரக்கதையைச் சொல்லும்போது, அதைச் சுற்றியவளும் நம் வயதுக்காரியாக இருந்திருக்கலாம். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. சிவகாசி வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, பாதுகாப்பு என்பது வந்த பிறகுதான் விளையாட்டு என்பதே தொடங்கியது.

உங்கள் மாவட்டத்திலேயே இன்னொரு கதையும் இருக்கிறது. நீங்களும் அதில் ஒருவராக இருந்தால் வியப்பில்லை. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி, அப்போது ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில், எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் ஓட்டப் பழகினார்கள். அண்ணன்மார்கள் பத்து வயதில் விழுந்து எழுந்து கற்றதை, கல்குவாரிப் பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் பிள்ளை பெற்ற பிறகு விழுந்து எழுந்து கற்றார்கள். நீங்கள் ஏங்குவதற்கு ஒரு காலம் வேண்டுமென்றால், 1992-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் குழந்தைகள் மீது இத்தனை பாலியல் குற்றங்கள் கிடையாதே? (வங்கி ஊழியர், ஈரோடு)

பதில்: செய்தி கிடையாது, குற்றம் இருந்தது. சொன்னால் சொன்ன பிள்ளைக்கே அடி விழும். மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தொல்லை கொடுத்தவர்களில் பாதிப் பேர் அந்தக் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது 2012-இல். தெருவுக்கு அனுப்பாமல் வீட்டுக்குள் வைத்திருப்பதால் மட்டும் இந்த ஆபத்து விலகிவிடாது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை வந்து சொன்னால் நம்புவதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அதற்குச் சொல்லி வைப்பதும் பூட்டைவிடப் பயன்படும்.

கேள்வி: எதற்கெடுத்தாலும் விதி, தடை, சான்றிதழ்! பள்ளி வேனுக்குக்கூட இத்தனை கெடுபிடியா? (பள்ளி வாகன உரிமையாளர், கள்ளக்குறிச்சி)

பதில்: 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கீற்றுக் கொட்டகை வகுப்பறையில் 94 பிள்ளைகள் எரிந்துபோன பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றினோம். 2012-இல் சென்னைப் புறநகரில் ஒரு சிறுமி, பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து இறந்த பிறகுதான் உங்களுக்கான சிறப்பு விதிகள் எழுதப்பட்டன. நீங்கள் சொல்லும் கெடுபிடிகளில் ஒன்றுகூட முன்யோசனையால் வந்ததில்லை.

கேள்வி: பிள்ளைகளுக்குக் கொஞ்சம் ஆபத்து நல்லது என்று வெளிநாட்டு ஆய்வுகள் சொல்வதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உதவும். (உடற்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: நார்வே ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர் 2007-இல், பிள்ளைகள் தாமாகத் தேடிப்போகும் அபாய விளையாட்டுகளை ஆறாக வகுத்தார்: உயரம், வேகம், கூரிய கருவிகள், நெருப்பு அல்லது ஆழ்நீரின் அருகாமை, மல்லுக்கட்டு, பெரியவர் கண்ணில் படாமல் தொலைந்துபோவது. மரமேறுதல், ஊஞ்சல், பேனாக்கத்தி, சொக்கப்பனை, சடுகுடு, கண்ணாமூச்சி என்று நம் ஊர்ப் பெயர்களை வரிசையாகப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். (உடனே "நம் முன்னோர்கள் அன்றே" என்று தொடங்கிவிட வேண்டாம், உலகம் முழுவதும் பிள்ளைகள் இதைத்தான் செய்திருக்கிறார்கள்.) சிறிய உயரத்தில் பயந்து, ஏறி, பயம் தெளியும் பிள்ளை தன் அளவைத் தானே தெரிந்துகொள்கிறது என்பது அவர் வாதம்.

இதைவிட உங்கள் பெற்றோர் கூட்டத்தில் எடுபடக்கூடியது கண்ணைப் பற்றிய ஆய்வு. சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல இருந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. 2015-இல் வெளியான முடிவு இது. வெளியே விடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை. கணக்கு வாத்தியார் உங்கள் விளையாட்டு வகுப்பைக் கடன் கேட்கும்போது இதை நீட்டுங்கள்.

1943-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த கோபன்ஹேகன் நகரின் எம்ட்ரப் பகுதியில், சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனைப்படி பழைய பலகையும் செங்கல்லும் ஆணியும் போட்ட ஒரு விளையாட்டிடத்தைத் திறந்தார்கள். தாம் போட்ட அழகான பூங்காக்களைவிடக் கட்டுமான இடங்களில்தான் பிள்ளைகள் ஆர்வமாக விளையாடுகிறார்கள் என்று அவர் கண்டிருந்தார். அங்கே ஒரு பெரியவர் எப்போதும் இருந்தார், ஆனால் கூப்பிட்டால் மட்டுமே வந்தார். உங்கள் பள்ளியில் அதற்கு முதற்படியாக, ஏறுகம்பியின் அடியிலுள்ள சிமெண்ட் தளத்தைப் பெயர்த்துவிட்டு ஆழமாக மணல் கொட்டச் சொல்லுங்கள். மாமரத்திலிருந்து விழுந்தவர்கள் பிழைத்ததற்குக் கீழே மண் இருந்ததும் ஒரு காரணம்.

கேள்வி: மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் மகனைக் காவிரியில் இறக்கி, என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்ததுபோல நீச்சல் பழக்க ஆசை. மனைவி மறுக்கிறாள். (விவசாயி, திருவையாறு வட்டம்)

பதில்: பழக்குங்கள், ஆனால் ஆற்றில் தொடங்காதீர்கள். உங்கள் அப்பா உங்களை இறக்கிய ஆறு, படித்துறையிலிருந்து சீராக ஆழமாகிப் போன ஆறு. பல இடங்களில் மணல் அள்ளிய பிறகு, முழங்கால் நீரில் நடக்கும்போதே அடுத்த அடி ஆளை முழுங்கும் குழியில் விழுகிறது. வெள்ளம் அதை மூடியிருக்கும்போது மேலேயிருந்து பார்த்து யாராலும் சொல்ல முடியாது. உங்கள் மனைவி மறுப்பதில் நியாயம் இருக்கிறது.

ஓட்டமில்லாத, அடி தெரிந்த, உங்கள் மார்பளவுக்கு மேல் போகாத குளமோ பம்புசெட்டுத் தொட்டியோ போதும். சுரைக்குடுக்கை கிடைக்காவிட்டால் வாழைமரத் துண்டைக் கொடுங்கள். கைகால் அடிப்பதற்கு முன்னால் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொடுங்கள். தண்ணீரில் சிக்கியவனுக்கு நேரம் வாங்கித் தருவது அதுதான். தலைகுப்புறக் குதிப்பது அடுத்த வருடத்துக்கு. மதகுக்குக் கீழே நுரைத்துச் சுழலும் இடத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் இறங்கக் கூடாது, அங்கே தண்ணீர் ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். முக்கியமாக, கூட வந்தவன் தத்தளித்தால் தானும் குதிக்காமல், கரையிலிருந்தபடி வேட்டியையோ கயிற்றையோ கழியையோ நீட்டிவிட்டுக் கத்தி ஆள் கூப்பிடச் சொல்லிக்கொடுங்கள்; ஒருவனைக் காப்பாற்றப் போய் இரண்டு பிள்ளைகள் போவதைத்தான் ஒவ்வொரு கோடையிலும் செய்தித்தாளில் படிக்கிறோம்.

இதெல்லாம் கைவந்த பிறகு, ஆற்றின் அந்தத் துறையில் தினமும் குளிக்கிற உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, தண்ணீர் குறைவாக ஓடும் நாளில் இறக்குங்கள். ஆடிப்பெருக்கு அன்று வேண்டாம். அன்றைக்குப் படித்துறையில் கால் வைக்க இடமிருக்காது, கூட்டத்தில் எந்தத் தலை உங்கள் மகனுடையது என்றும் தெரியாது.